மகள் இலையில் என் கண்

என் மகளைச் சாப்பாட்டைக் கண்டு பயப்பட வைத்தவள் நான்தான். பள்ளியில் கூடப்படித்த பிள்ளைகள் கேலி செய்திருப்பார்கள், செல்போனில் ஒல்லிப் பெண்களைப் பார்த்துப் பார்த்து மனம் கெட்டிருக்கும் என்றெல்லாம் சில காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவையெல்லாம் சாக்குகள். ஒரு பொங்கலன்று, நிறைந்த இலைக்கு முன்னால், சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க, என் வாயிலிருந்து வந்த சொல்லில்தான் அது தொடங்கியது. அந்தச் சொல்லை விடவும் என்னை இன்று குத்துவது, அதைச் சொன்ன அதே நாளின் இரவில் நான் செய்த காரியம். இரண்டையும் சொல்லிவிடவே இதை எழுதுகிறேன்.

என் பயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது மன்னிப்புக்கான காரணம் ஆகாது. ஆனாலும் அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் வந்த சிறிய கொப்புளம் ஆறாமல் புண்ணாகி, இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவள் நான். நாற்பது வயதில் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி என்றார் மருத்துவர். என் உயரம் 155 சென்டிமீட்டர், அப்போது எடை 68 கிலோ. உடல் நிறைக் குறியீடு 28க்கு மேல். வெள்ளைக்காரர்களுக்கு 25 வரை சரி என்றால், நம் உடம்புக்கு 23லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்றே கணக்கு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விளக்கினார். அவர் பதமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து நான்தான் அதைப் பயமாக மாற்றிக்கொண்டேன். அப்பாவின் கால் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மற்ற நாட்களைச் சமாளித்துவிடலாம். நாங்கள் இருப்பது மதுரையில், மூன்று பேர், அளவான சமையல். பொங்கலுக்கு மட்டும் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் கணவரின் வீட்டுக்குப் போயாக வேண்டும். எங்கள் பக்கத்துப் பொங்கல் தெரிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் முற்றத்தில் கட்டி அடுப்பு, பனையோலை, மஞ்சள் குலை கட்டிய இரண்டு பானைகள். ஒன்றில் பால் பொங்கல், ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். உள்ளே இடிசாம்பார், அவியல், வெண்டைக்காய்ப் பச்சடி, வாழைக்காய், சேனை, சேம்பு, கருணை, சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் போக்கிய சிறுகிழங்கு, ஆமவடை, பாயசம், அப்பளம். சோறு, வெல்லம், கிழங்கு, நெய். எனக்கு மருத்துவர் குறைக்கச் சொன்னவை எல்லாம் ஒரே இலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி பட்டினி. மார்கழி பிறந்ததுமே காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். கேட்டால் திருப்பாவை முடித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன் என்பேன்; சாப்பிட மாட்டேன். இரவில் ஒரு தம்ளர் மோர். எடை இரண்டு கிலோ இறங்கும். அந்த இரண்டு கிலோவைப் பொங்கலுக்கு என்று சேமித்து வைத்திருப்பதாக நினைப்பு. பொங்கலன்று மூன்றரை மணிக்கு எழுந்து சர்க்கரை போடாத காப்பி குடித்தால், அதன் பிறகு பகல் ஒன்றரை மணி வரை வயிற்றுக்கு எதுவும் கிடையாது. உப்புப் பார்க்க ஒரு சொட்டு, காரம் பார்க்க ஒரு சொட்டு. ஆண்கள் பந்தி, பிள்ளைகள் பந்தி, பிறகு பரிமாறியவர்கள். இந்தக் கடைசிப் பந்தி வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். பத்து மணி நேரம் அடுப்படியில் நின்றவள், ஆறிய சாம்பாரை விட்டுக்கொண்டு அவசரமாகச் சாப்பிடுவதில் என்ன மங்கலம் இருக்கிறது? அந்த நேரத்தில் அவள் எவ்வளவு சாப்பிடுகிறாள், சாப்பிடுகிறாளா என்பதையே யாரும் பார்ப்பதில்லை. என் பட்டினி இத்தனை ஆண்டுகள் மறைந்திருந்ததற்கு அந்த வழக்கமும் ஒரு திரையாக உதவியது.

என் இலையில் ஒரு கைப்பிடி பால் பொங்கல், கொஞ்சம் அவியல். சர்க்கரைப் பொங்கல் விரல்நுனி அளவு, சாமிக்கு என்று. நாத்தனார் பார்த்துவிட்டு, "மதினியைப் பாருங்க, என்ன கட்டுப்பாடு! எங்களுக்கெல்லாம் வருமா?" என்பாள். அந்தப் பாராட்டை நான் ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டேன். அது எனக்கு இனித்தது.

இரவு எல்லோரும் படுத்த பிறகு, சாமான்களும் பலகாரமும் வைக்கும் உள்ளறையான அரங்குவீட்டுக்குப் போவேன். விளக்குப் போட மாட்டேன். சர்க்கரைப் பொங்கல் பானை எந்த மூலையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அகப்பை எடுத்தால் சத்தம் கேட்கும் என்று கையாலேயே எடுத்து, நின்றபடி, மென்றும் மெல்லாமலும் விழுங்குவேன். முதல் உருண்டையில் ருசி தெரியும். அதன் பிறகு தெரியாது. முந்திரிக்கொத்து இருக்கும் டின்னைத் திறப்பேன். போனது போச்சு, இன்றைக்கு ஒரு நாள்தானே என்று மனம் சொல்லும். வயிறு வலிக்கும்வரை நிற்க மாட்டேன். பிறகு பானைக்குள் பொங்கலை மட்டமாகத் தடவிவிட்டு, கையைக் கழுவி, வந்து படுப்பேன். பகலில் என் இலையில் நான் தவிர்த்ததைப் போல மூன்று நான்கு பங்கு அந்த இருட்டில் உள்ளே போயிருக்கும். விடிந்ததும் மறுபடி பட்டினி.

இதற்குப் பேராசை என்று பெயர் வைத்து என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாளில் படித்தபோதுதான் உடம்பின் கணக்கு வேறு என்று புரிந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்து, இந்தச் சோதனைக்கு மனமுவந்து வந்த திடமான இளைஞர்கள் அவர்கள். மாதக்கணக்கில் அரைவயிற்று உணவு. அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். சாப்பாடு கனவில் வந்தது. கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். மார்கழி முழுக்க நான் என்னைப் பழக்கியது இதற்குத்தான். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ருசி பார்க்க என்று ஐஸ்கிரீமை வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாத பெண்கள், வயிறு நிறைந்ததால் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருந்த பெண்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டு ஒருமுறை அறுந்தால் முழுக்க அறுந்துவிடுகிறது. அரங்குவீட்டு இருட்டில் "போனது போச்சு" என்று எனக்குள் கேட்ட குரல் அதுதான்.

இப்போது அந்தப் பந்திக்கு வருகிறேன்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்த வயதில் உடம்பு பூசுவது இயற்கை.  எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் சட்டை இறுகுவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அப்பாவின் கால்தான் தெரிந்தது. அவள் சாப்பாட்டுப் பிரியை. சின்ன வயதில் சிறுவீட்டுப் பொங்கலுக்கு முற்றத்தில் மண்ணால் வீடு கட்டி, அதன் வாசலில் தானே பொங்கலிட்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு இலைத்துண்டில் வைத்துக் கொடுப்பாள். "எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லுவாள். சாப்பாடு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு எப்போதோ அது போய்விட்டிருந்தது.

அன்று பிள்ளைகள் பந்தி. என் மாமியார் சர்க்கரைப் பொங்கல் சட்டியோடு வந்து அவள் இலையில் இரண்டாவது கரண்டி வைத்தார். "வளருத பிள்ள, நல்லா சாப்பிடு தாயி." பின்னால் வடைத்தட்டோடு வந்த நான் சொன்னேன்: "போதும் அத்தை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு சட்டையும் பத்தல. இப்படியே போனா யாரு கட்டுவா?"

முதல் பகுதியை மருத்துவரின் அறிவுரை என்று சாதிக்கலாம். இரண்டாவது எங்கிருந்து வந்தது? என் அம்மா என்னிடம் சொன்னது அது. எந்த வயதில், எந்த இடத்தில் நின்று சொன்னாள் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு வலித்த ஒன்றை, என் பெண்ணின் தலையில், அவளுடைய அத்தை மகன்கள் இரண்டு பேர் எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, நான் எடுத்து வைத்தேன். அவர்கள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். அவள் எதுவும் சொல்லாமல், கையில் இருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, இலையை மடக்கி எழுந்து போனாள். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் நேருக்கு நேர் நினைக்க முடியவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அவரிடம் வாதாடினேன்.

அன்றிரவும் நான் அரங்குவீட்டுக்குப் போனேன். மகள் விட்டுவிட்டுப் போன அதே பொங்கலைப் பானையிலிருந்து அள்ளித் தின்றேன். ஒரு வாயாவது அவளை எழுப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை.

அதன்பின் அவள் மாறியது சட்டென்று தெரியவில்லை. தீபாவளிக்கு லேகியம் மட்டும் தின்றுவிட்டு வயிறு சரியில்லை என்றாள். கல்யாண வீடுகளில் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். பெரியம்மா பக்கத்தில் போய் உட்காருவாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் கழுவியே திரும்பி வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். எடை குறைந்தது என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். பிள்ளைக்குச் சொன்னால் புரிகிறது என்றேன்.

கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டில் காய்ச்சல் என்று அழைத்து வரப் போனேன். துணிகளை எடுத்து வைக்கையில் அலமாரியில் சுடிதார்களுக்கு அடியில் காலி பிஸ்கட் உறைகள், கேக் உறைகள், ஒரு மிக்சர் பை. எல்லாம் சத்தம் வராதபடி சிறிதாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. மெஸ்ஸில் அவள் ராத்திரி சாப்பிடுவதே இல்லை என்று அறைத்தோழி சொன்னாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பானைக்குள் பொங்கலை மட்டமாகத் தடவி வைத்தவளுக்கு அந்த மடிப்புகள் தெரியாதா?

அப்புறம்தான் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தோம். நானும் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றில் சில எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2016இலேயே சொல்லியிருக்கிறது: வளரும் பிள்ளைகளிடம் எடையைப் பற்றிப் பேசாதீர்கள், டயட் இருக்கத் தூண்டாதீர்கள், குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று. மினசோட்டாவிலேயே டயான் நியூமார்க் ஸ்டெய்னர் குழுவினர் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வீட்டில் எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பெண்கள், பதினைந்து ஆண்டுகள் கழித்தும் மனவருத்தம் வந்தால் சாப்பாட்டிடம் போவது, உடம்பை வெறுப்பது ஆகியவற்றில் சிக்கியிருந்தார்கள். உடல் பருமனும் அவர்களிடம்தான் கூடுதல். அதாவது எதைத் தடுக்க நான் வாயைத் திறந்தேனோ, அதற்கே அது வழி. ஃபிஷர், பிர்ச் இருவரின் 1999 ஆய்வில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின் மேல்தான் குழந்தைகளின் ஆசை கூடியது. தின்பண்டம் செய்யும் எந்த ஆச்சிக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

போன கார்த்திகையில் அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளிடம் சொன்னேன். பொரி உருண்டைக்குப் பாகு வைத்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. பாகைக் கிண்டிக்கொண்டே மார்கழிப் பட்டினியைச் சொன்னேன், அரங்குவீட்டைச் சொன்னேன், அவள் இலையை மடக்கிய அன்று ராத்திரியும் போனேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "தெரியும்மா. நான் அன்னிக்குத் தூங்கல. பசிச்சுது. நீ எந்திரிச்சுப் போனதும், எனக்குத்தான் எடுத்துட்டு வரப் போறேன்னு நெனச்சேன்" என்றாள்.

பாகு முறுகிவிட்டது. அதைக் கொட்டிவிட்டு வேறு வைத்தோம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக நான் கொடுக்கக்கூடியது என்ன இருக்கிறது? "வர்ற பொங்கலுக்கு நீ என்கூட உக்காரணும். கடைசிப் பந்தின்னா நானும் சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த மார்கழியில் நான் ஒரு வேளையும் விடவில்லை. பொங்கலன்று காலை ஏழு மணிக்கு அடுப்படியிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டேன். மற்ற பெண்களுக்கும் வைத்தேன். மாமியார் முதலில் முகம் சுளித்தார். சூரியனுக்குப் படைத்தாயிற்றே அத்தை என்றேன், தட்டை வாங்கிக்கொண்டார். பரிமாறுவதை மாற்றியதில் கணவருக்கும் பங்கு உண்டு: பாத்திரங்களைக் கூடத்து நடுவில் வைத்து, வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவர்தான் தம்பிமாரிடம் சொன்னார். இலையில் முதலில் அவியலையும் பச்சடியையும் பொரியலையும் சாப்பிட்டு, பிறகு சோற்றுக்குப் போனேன். காய்கறி முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. சிறுகிழங்கை நான் விடவில்லை. அது தை மாதத்தில் இல்லாவிட்டால் எப்போது? கிழங்கு எடுத்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டேன். வெல்லம் உடம்புக்கு நல்லது, சர்க்கரைதான் ஆகாது என்று வீட்டில் எல்லோரும் சொல்லுவார்கள். 100 கிராம் வெல்லத்திலும் ஏறக்குறைய 380 கலோரி இருக்கிறது, வெள்ளைச் சர்க்கரைக்கு அது பெரிதாகக் குறைந்ததில்லை. நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. இதெல்லாம் தெரிந்தே ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வாங்கி, பகல் வெளிச்சத்தில், உட்கார்ந்து, மென்று சாப்பிட்டேன். அதில் பச்சைக் கற்பூரம் போடுவார்கள் என்பதையே இத்தனை ஆண்டுகள் கழித்து அன்றுதான் நாக்கு உணர்ந்தது. சாப்பிட்டதும் படுக்காமல் ஆற்றங்கரை வரை நடந்தோம். உண்ட பின் மெதுவாக நடந்தாலே சர்க்கரை ஏற்றம் தணியும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். பட்டினியில் கால் நடுங்கிய ஆண்டுகளில் நடக்க எங்கே தெம்பு?

ஒரு நாள் விருந்து என்னைக் கவிழ்த்துவிடும் என்ற பயமே அளவுக்கு மீறியது என்பதையும் சொல்ல வேண்டும். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2000இல் வந்த ஆய்வு ஒன்றில், அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள் முதல் புத்தாண்டு வரையிலான பண்டிகைக் காலத்தில் ஏறிய எடை சராசரியாக 0.37 கிலோதான். அவர்களே நினைத்ததைவிட அது மிகக் குறைவு. கவலைக்குரியது வேறு: அந்தச் சிறு எடை அடுத்த ஆண்டு முழுதும் இறங்கவில்லை. ஆக, பார்க்க வேண்டியது பொங்கலுக்குப் பிந்தைய மாசியையும் பங்குனியையும். கனுவன்று மிஞ்சிய குழம்பும் காய்களும் சுண்டிச் சுண்டக்கறியானதைப் பழைய சோற்றோடு அளவாகச் சாப்பிட்டேன். முந்திரிக்கொத்து டின்னை மாமியாரிடம் கேட்டு அரங்கிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

இத்தனை செய்தும் ஒன்று எனக்குள் அடங்கவில்லை. பந்தியில் அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் இலைக்கு முன்னால் என் கண் அவள் இலைக்குத்தான் போனது. எத்தனை வடை, எத்தனை கரண்டி என்று மனம் தானாக எண்ணியது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் எண்ணினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மூன்றாவது வடையை எடுத்துப் பாயசத்தில் தோய்த்து, என்னைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள்.